நிலவறையில் பீர்க் குழாய்கள்

குரோமியப் பூச்சு தேய்ந்து விளிம்புகளில் பித்தளையின் மஞ்சள் தெரியும் பழைய பீர்க் குழாய் ஒன்றைத் திருகிக் கழற்றினால், அதன் வாயிலிருந்து காடியின் புளிப்பும் ஈர உலோகத்தின் நெடியும் கலந்த ஒரு மணம் எழும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து நிலவறைகளில் சில காலமேனும் பழகியவர்களுக்கு, மறந்துபோனதாக எண்ணியிருந்த வீடுகளும் மனிதர்களும் மாலைப்பொழுதுகளும் திரும்பி வர அந்த மணமே போதுமானது. வீட்டில் தயாரித்த பீரைப் புட்டிகளில் அடைக்காமல், கெக் எனப்படும் எவர்சில்வர் பீப்பாயில் நிரப்பி, கரியமில வாயுவின் அழுத்தத்தால் குழாய் வழியே கோப்பையில் இறக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். பீப்பாய், வாயு சிலிண்டர், வாயுவை அளந்து விடும் ரெகுலேட்டர், பீரைக் கொண்டுவரும் டியூப், கடைசியில் கைப்பிடியோடு கூடிய குழாய் ஆகியவை அந்த அமைப்பின் முக்கிய உறுப்புகள். இவற்றுள் அளவில் சிறியது குழாய்தான்; ஆயினும், குளிரிலும் அழுத்தத்திலும் பத்திரமாக இருந்த பீர் முதன்முறையாக வெளிக்காற்றைத் தொடும் இடம் அதுவாகையால், வாரக்கணக்கில் செய்த உழைப்பின் பலன் காக்கப்படுவதும் கெடுவதும் அங்கேதான்.

விஸ்கான்சின் மாநிலத்தின் பெரிய நகரமான மில்வாக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்களின் கைத்திறத்தால் பீருக்குப் பெயர்பெற்றது. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர் என்னும் நான்கு பெயர்களும் அங்கே தெருவுக்குத் தெரு வழங்கியவை. ஷ்லிட்ஸ் ஆலை 1981இலும் பாப்ஸ்ட் ஆலை 1996இலும் மூடப்பட்டன. ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கிய அந்த ஆண்டுகளில்தான் வீட்டு நிலவறைகளில் பீர் தயாரிக்கும் வழக்கம் வேரூன்றியது என்பது கவனிக்கத்தக்கது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் நடப்பிலிருந்த மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் ஒயின் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பீருக்கு அது கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டமே அந்தக் குறையைத் தீர்த்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் எனச் சொந்தப் பயன்பாட்டுக்கு வரியின்றித் தயாரித்துக்கொள்ள அது அனுமதித்தது. ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். மாநிலங்களின் ஒப்புதலும் தேவைப்பட்டதால், அலபாமா, மிசிசிப்பி ஆகிய இரண்டிலும் அந்த உரிமை 2013இல்தான் வந்தது. விஸ்கான்சினிலோ அதற்கு வெகுகாலம் முன்பே வீட்டு பீர் ஊரறிந்த வழக்கமாகியிருந்தது.

இக்கட்டுரையாளர் குடியிருந்த தெருவில், இயந்திரப் பட்டறையில் லேத் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் பக்கத்து வீட்டில் வாழ்ந்தனர். மாதத்தில் ஏதேனும் ஒரு சனிக்கிழமை காலையில் அவ்வீட்டு அடுப்பில் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், சாறு பெரிய பாத்திரத்தில் கொதிக்கும். அதன் இனிப்பு வாசனையும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு நெடியும் சன்னல் வழியே தெருவரை வரும். மது புழங்காத குடும்பத்தில் பிறந்து அந்நகருக்கு வந்த ஒருவருக்கு அவ்வீட்டுப் படியேறத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது இயல்பே. எனினும், அந்த முதியவர் நண்பர்களுக்கு ஊற்றிக்கொடுத்த நேரத்தைவிடக் கருவிகளைக் கழுவித் துடைத்த நேரமே அதிகம் என்பதையும், பட்டறையில் கற்ற ஒழுங்கை அவர் நிலவறையிலும் அப்படியே கடைப்பிடித்தார் என்பதையும் கண்டபின், தயக்கம் மெல்ல மரியாதையாக மாறியது.

தொடக்க ஆண்டுகளில் அவரும் மற்றவர்களைப் போலப் புட்டிகளில்தான் அடைத்தார். ஒருமுறை காய்ச்சும் 5 கேலன் பீருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு புட்டிகளைக் கழுவி, நிரப்பி, மூடியழுத்த வேண்டியிருந்தது. கணவன் கழுவ மனைவி மூடியிட, ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே கழியும். அந்த உழைப்பிலிருந்து விடுவித்தவை குளிர்பானக் கடைகளின் பழைய பீப்பாய்கள். கார்னீலியஸ் என்னும் நிறுவனத்தின் பெயரால் கார்னி கெக் என்று அழைக்கப்படும் 5 கேலன் எவர்சில்வர் பீப்பாய்கள், இனிப்புச் சாற்றைக் கடைகளுக்குக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டவை. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சாற்றை அடைத்து அனுப்பும் முறைக்குக் குளிர்பான நிறுவனங்கள் மாறியதும் அவை ஏராளமாகக் கழிக்கப்பட்டு, மலிவாக விற்கப்பட்டன. பெப்சி பயன்படுத்திய பீப்பாயின் இணைப்பு ஒரு வகை, கோக்கோ கோலா பயன்படுத்தியது வேறு வகை. முன்னதில் சிறு குண்டுகள் பூட்டிப் பிடிக்கும், பின்னதில் முளைகள் பிடிக்கும். இவ்விரண்டையும் கலந்து வாங்கியவர் இணைப்புக் கருவிகளையும் இருமடங்கு வாங்க நேர்ந்ததால், எந்த வகையென்று முதலிலேயே முடிவுசெய்துகொள்வது அக்காலத்தில் புதியவர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரையாக இருந்தது.

பீப்பாய் கிடைத்ததும் அடுத்து வேண்டியது பழைய ஃப்ரிட்ஜ். அதன் கதவில் துளையிட்டு, ஷாங்க் எனப்படும் மரையிட்ட குட்டைக் குழலைச் செருகி, வெளிப்புறத்தில் குழாயையும் உட்புறத்தில் டியூபையும் பொருத்துவார்கள். பக்கச் சுவர்களில் குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழல்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதால் கதவே பாதுகாப்பான இடம். தவிர, கதவில் பொருத்திய குழாயின் ஷாங்க் குளிர்ந்த உட்பகுதியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் குழாயும் ஓரளவு குளிர்ந்தே இருக்கும். மேசைமேல் நிமிர்ந்து நிற்கும் தூண் அமைப்பிலோ, அறையின் வெப்பம் தூணுக்குள் புகுந்து முதல் கோப்பையை நுரையாக்கிவிடும். மதுக்கடைகளின் தோற்றம் வீட்டிலும் வேண்டுமென்று தூண் வைத்தவர்கள், அதற்குள் குளிர்காற்றை ஏற்றச் சிறு மின்விசிறி ஒன்றையும் பொருத்த வேண்டியிருந்தது.

அக்காலத்தில் கடைகளில் எளிதாகக் கிடைத்த குழாய் பின்புறம் அடைக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் உடலுக்குள் ஒரு தண்டு உண்டு. கைப்பிடியை முன்னால் இழுத்தால் நெம்புகோலின் கீழ்முனை தண்டைப் பின்னுக்குத் தள்ள, தண்டின் பின்முனையிலுள்ள வாஷர் தன் இருக்கையை விட்டு விலகி பீருக்கு வழிவிடும். கைப்பிடியை மீண்டும் தள்ளினால் வாஷர் பின்புறத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னாலுள்ள குழாயின் உட்பகுதி முழுவதும் காலியாகிக் காற்றுக்குத் திறந்திருக்கும். உள்ளே மிஞ்சிய ஈரம் சொட்டி வடிவதற்காகவே காற்றுத் துளைகளும் வைத்திருப்பார்கள். ஆனால் சுவரில் ஒட்டிய மெல்லிய பீர்ப்படலம் முழுவதும் வடிவதில்லை. அது உலர்ந்து பசையாகிறது. பசையில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. கோடையில் பழ ஈக்கள் அந்தத் துளைகளைத் தேடி வருகின்றன. வாரம் முழுவதும் தொடப்படாத குழாயின் கைப்பிடி வெள்ளிக்கிழமை மாலையில் அசைய மறுப்பதும், பெரியவர் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து குழாயின்மேல் ஊற்றி, அது இளகும்வரை பொறுமையாகக் காத்து நிற்பதும் அந்நிலவறையில் வழக்கமான காட்சியாக இருந்தன. பலத்தால் இழுக்கப்பட்ட கைப்பிடி மரையோடு முறியும் என்பதைப் பட்டறை அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

பின்னர் வந்த முன்புறம் அடைக்கும் குழாய் இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்தது. இதில் அடைப்பு குழாயின் முன்பகுதியில், பீர் வெளியே விழும் வாய்க்கு அருகில் நிகழ்கிறது. ஆகவே குழாயை மூடிய பிறகும் உடல் முழுவதும் பீர் நிரம்பியே இருக்கும், காற்றுப் புகாது, படலம் உலராது, கைப்பிடி இறுகும் தொல்லையும் வெகுவாகக் குறையும். மில்வாக்கியிலேயே இயங்கும் பெர்லிக் நிறுவனம் இவ்வகைக் குழாய்களால் வீட்டு பீர் தயாரிப்பாளர்களிடையே பெயர்பெற்றது. உள்ளூர்ப் பொருள் என்னும் பெருமிதமும் சேர, அந்தத் தெருவில் பழைய குழாய்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பெரியவர் தம்முடைய குழாய்களை மாற்றியபோது கழற்றியவற்றுள் ஒன்றைத்தான், தேய்ந்த பூச்சோடு, இக்கட்டுரையாளரிடம் கொடுத்தார். உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள, பழுதான பழைய குழாயே நல்ல பாடப்புத்தகம் என்பது அவர் கருத்து.

அமைப்புக்கு அடுத்தபடி உலோகம். பீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4க்கும் 4.5க்கும் இடையில் இருக்கும். பித்தளையின்மேல் குரோமியம் பூசிய குழாயில், தூரிகையும் மருந்தும் பட்டுப் பூச்சு தேய்ந்ததும் அந்த அமிலம் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தை நேரடியாகத் தொடுகிறது; சில பித்தளைகளில் ஈயமும் சிறிதளவு உண்டு. நாணயத்தை நாவில் வைத்த சுவை முதல் மிடறில் தெரிந்தால் பூச்சு போய்விட்டது என்று பொருள். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த 304 வகை எவர்சில்வரில், அமிலத்தைத் தாங்கும் தன்மை மேற்பூச்சாக அல்லாமல் உலோகம் முழுவதிலும் கலந்திருப்பதால், தேய்ந்தாலும் உள்ளே இருப்பது அதே உலோகம்தான். விலை கூடுதல் என்று தயங்கியவர்களிடம், பூச்சுக் குழாயை இருமுறை வாங்குவதைவிட எவர்சில்வர்க் குழாயை ஒருமுறை வாங்குவது மலிவு என்று பெரியவர் சொல்வதுண்டு. அந்தக் கணக்கு இன்றும் பொய்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்நிலவறை நிறைந்திருக்கும். அந்நகரத்துக் கத்தோலிக்க மரபின் எச்சமான மீன் வறுவல் விருந்து முடிந்ததும், ஜெர்மானியர்கள் கொண்டுவந்த ஷீப்ஸ்ஹெட் என்னும் சீட்டாட்டம் தொடங்கும். அத்தகைய மாலைகளில், புதிதாக இந்தக் கலையில் இறங்கிய இளைஞர்கள் கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: கோப்பையில் பாதிக்குமேல் நுரை, குழாய் சரியில்லை. பெரியவர் குழாயைப் பார்க்கும் முன் டியூபின் நீளத்தைக் கேட்பார். வெப்பநிலை 3 செல்சியஸ் பாகையில் இருக்க, பீரில் போதிய வாயு கரைந்திருக்க வேண்டுமாயின், பீப்பாயில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12 பவுண்டு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் முழுவதும் குழாயின் வாயிலேயே திடீரென விடுபட்டால் கரைந்த வாயு பொங்கி நுரையாகிறது. நீண்ட குறுகிய டியூபுக்குள் உராய்ந்து வரும்போதோ அழுத்தம் படிப்படியாகத் தணிந்து, பீர் அமைதியாக இறங்குகிறது. விற்பனைக்கு வந்த தொகுப்புகளில் 5 அடி டியூபே வைத்திருந்தார்கள். 3/16 அங்குல உள்விட்டமுள்ள டியூபை 10 அடி நீளத்துக்கு மாற்றியதும் குழாயின்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு பெரும்பாலும் நீங்கிவிடும். மீதமிருக்கும் நுரை ஊற்றும் முறையால் வருவது. கைப்பிடியைப் பாதி திறந்து தயங்கினால் பீர் குறுகிய இடைவெளியில் பீறிட்டு நுரைக்கும். ஒரே இழுப்பில் முழுவதும் திறந்து, சாய்த்துப் பிடித்த கோப்பையின் சுவரில் வழியவிட வேண்டும். குழாயின் வாய் கோப்பையையோ பீரையோ தொடக் கூடாது என்பதும் அங்கே சிறுவயதிலிருந்தே பழக்கப்படும் ஒழுக்கமாக இருந்தது.

எனினும், அந்நிலவறையைப் பற்றிய நினைவுகளில் விருந்தைவிட ஆழமாகப் பதிந்திருப்பவை ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளின் பகற்பொழுதுகள். தேவாலயம் சென்று திரும்பிய பெரியவர், சட்டையின் கையை மடித்துவிட்டு, வாயுவை நிறுத்தி, குழாய்க்குரிய கொக்கி ஸ்பேனரால் குழாயை ஷாங்கிலிருந்து கழற்றுவார். கைப்பிடி, நெம்புகோல், தண்டு, வாஷர், ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் ஆகியவை வெள்ளைத் துணியின்மேல் கழன்ற வரிசையிலேயே வைக்கப்படும். பூட்டும்போது அவ்வரிசை பின்னிருந்து முன்னாகத் திரும்பும். இந்த இரண்டு வாரக் கெடு அவருடைய சொந்த விருப்பத்தால் வந்ததன்று. அமெரிக்கப் பீர் தயாரிப்பாளர் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் வெளியிட்டுள்ள டிராஃப்ட் கையேடும் 14 நாளுக்கு ஒருமுறை டியூப்களைக் காரக் கரைசலால் கழுவவும், குழாய்களை முழுவதும் பிரித்துக் கையால் துலக்கவுமே பரிந்துரைக்கிறது. காரத்தை வெதுவெதுப்பான நீரில் 2 விழுக்காட்டுக் கரைசலாகக் கலந்து, சிறு பம்பின் உதவியால் 15 நிமிடமேனும் டியூபுக்குள் சுழலவிட்டு, பின்பு மருந்தின் சுவடே இல்லாதபடி குளிர்ந்த நீரால் அலச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசலும் வேண்டும். ஏனெனில் பீர்க்கல் எனப்படும் கால்சியம் ஆக்சலேட் படிவு காரத்துக்குக் கரையாது. காரத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி நீரைக் காரத்தில் ஊற்றலாகாது, இரு மருந்துகளையும் ஒருபோதும் கலக்கலாகாது, கையுறையும் கண்ணாடியும் இன்றி எதையும் தொடலாகாது என்பவை அவ்வீட்டில் மீறப்படாத விதிகள்.

கழுவாத டியூபின் தவற்றை நாக்கு எளிதில் கண்டுகொள்ளும். வெண்ணெய் மணம் வந்தால் லாக்டிக் அமில வகைப் பாக்டீரியாக்கள் டயசெட்டில் என்னும் பொருளை உண்டாக்கியிருக்கின்றன. காடிப் புளிப்பு வந்தால், காற்றுப் பட்ட குழாயின் வாயில் அசெட்டோபாக்டர் வகை நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கின்றன. இவை உடலுக்குத் தீங்கு செய்வது அரிது; ஆனால் மால்ட்டின் இனிமையையும் ஹாப்ஸின் நறுமணத்தையும் அழித்துவிடும். துலக்கிய உறுப்புகளைப் பெரியவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெடிப்புக் கண்ட வாஷரை ஒதுக்கி, ஓ-ரிங்குகளில் உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் மசகை மெல்லியதாகத் தடவிப் பூட்டுவார். ஒதுக்கிய வாஷருக்கு மாற்று, ஊறுகாய்ப் புட்டியொன்றில் எப்போதும் தயாராக இருக்கும். அருகில் நிற்கும் பேரப்பிள்ளைகளுக்கு உறுப்புகளின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொடுக்கும் வேலை. பீரைத் தொட அனுமதியில்லாத அந்தப் பிள்ளைகள் குழாயின் உள்ளமைப்பை மனப்பாடமாக அறிந்திருந்தனர்.

காலப்போக்கில் வேறு குழாய்களும் அத்தெருவுக்கு வந்தன. அயர்லாந்து மரபுடைய ஒரு குடும்பம், கின்னஸ் நிறுவனம் 1959இல் கணிதவியலாளர் மைக்கேல் ஆஷின் உழைப்பால் கொண்டுவந்த நைட்ரஜன் முறையை விரும்பி, ஸ்டவுட் வகைப் பீருக்கான குழாய் பொருத்தியது. நைட்ரஜன் முக்கால் பங்கும் கரியமில வாயு கால் பங்கும் கலந்த வாயுவால் பீரைத் தள்ளி, நுண்துளைகள் கொண்ட தகட்டின் வழியே பிழிந்து, பாலேடு போன்ற நுரையை உண்டாக்குவது அது. செக் நாட்டுப் பில்சன் வகைப் பீருக்காகப் பக்கவாட்டில் திருப்பும் குழாயும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. பில்சன் நகரத்து லூக்ர் நிறுவனத்தின் குழாய்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. அவற்றின் வாயிலுள்ள நுண்சல்லடை ஈரமும் இனிமையும் கொண்ட நுரையைத் தருகிறது. ஆனால் தகட்டுத் துளையும் சல்லடைக் கண்ணும் அடைபடும் இடங்கள் என்பதால், சிறப்புக் குழாய் எதுவாயினும் சாதாரணக் குழாயைவிடக் கூடுதல் துலக்கலைக் கேட்கிறது. பக்கத்தில் சிறு நெம்புகோல் வைத்து ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்யும் குழாய்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. அவை நீண்ட டியூபின் தேவையைக் குறைத்தாலும், உள்ளுறுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன.

இன்று அத்தெருவின் வழக்கங்கள் பெரிதும் மாறியுள்ளன. பழைய ஃப்ரிட்ஜின் கதவைத் துளைப்பவர் குறைந்து, குழாயும் சிலிண்டரும் பொருத்தியே வரும் ஆயத்தப் பெட்டிகளை வாங்குபவர் மிகுந்துள்ளனர். குளிர்பானப் பீப்பாய்கள் அரிதாகிவிட, அதே வடிவில் புதிதாகச் செய்தவை விற்பனைக்கு வருகின்றன. ஒரு பீரின் மணம் அடுத்த பீரில் ஏறாத உட்பூச்சு டியூப்களும், ஸ்பேனரின்றி அழுத்திச் செருகும் இணைப்புகளும் வேலையை எளிதாக்கியுள்ளன. பெரியவரும் அவர் மனைவியும் காலமாகி, வீடு கைமாறிவிட்டது. பிள்ளைகள் வேறு ஊர்களில் வாழ்கின்றனர். கருவிகள் சிறந்துள்ள இக்காலத்திலும், பல வீடுகளில் குழாய் பழுதானால் வாஷரை மாற்றாமல் குழாயையே மாற்றும் பழக்கம் வந்துள்ளது வருந்தத்தக்கது. சில காசு விலையுள்ள ரப்பர் வளையத்துக்காக நல்ல எவர்சில்வர்க் குழாய் குப்பைக்குப் போவதைக் கைத்தொழில் அறிந்த எவரும் ஏற்க மாட்டார்.

வீட்டில் குழாய் அமைக்க எண்ணுவோர் வாங்குவதற்கு முன், கைப்பிடியின் அழகையும் ஊற்றும் விதத்தின் புதுமையையும் சற்றே ஒதுக்கி வைத்து, மூன்றை மட்டும் உறுதிசெய்துகொள்வது நல்லது: உடல் முழுவதும் எவர்சில்வராக இருத்தல், அடைப்பு முன்புறத்தில் அமைந்திருத்தல், வாஷரும் ஓ-ரிங்கும் தனித்தனியே கடையில் கிடைத்தல். வாங்கிய அன்றே, பீர் ஏறும் முன், குழாயை ஒருமுறை முழுவதும் கழற்றிப் பூட்டிப் பழக வேண்டும். எத்தனை குழாய்கள் என்பதையும் வாங்கும் வசதியைக் கொண்டு முடிவு செய்யாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எத்தனையைக் கழற்றித் துலக்க நேரமும் மனமும் உண்டு என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். துலக்கப்படாத நான்கு குழாய்களைவிடத் துலக்கப்படும் ஒரு குழாயே நல்ல பீரைத் தரும்.